மூன்றாம் குழிக் கல்

1936 பிப்ரவரி 10, திங்கள்

இன்று கழுவியது நாற்பத்தொரு பாத்திரம். ஒன்றும் உடையவில்லை.

இந்த நோட்டு கெமிஸ்ட் தண்டாயுதபாணி அய்யா கொடுத்தது. மை சிந்தி வீணாய்ப் போன கம்பெனி நோட்டு. "மூணாவது வரைக்கும் படிச்சவ. எழுதாம விட்டா எழுத்து மறந்துடும். எதையாவது எழுது" என்றார். எதை எழுத? காலையில் ஆறு மணிக்குக் கல் வெட்டுகிற கரட்டுக்கு வருகிறேன். சோதனை ரூமைக் கூட்டுகிறேன். கண்ணாடிப் பாத்திரங்களை முதலில் கிணற்றுத் தண்ணீரில், பிறகு திராவகத்தில், கடைசியாக மூன்று தரம் ஆவித் தண்ணீரில் அலசிக் கவிழ்க்கிறேன். ஆவித் தண்ணீர் என்பது தண்ணீரைக் கொதிக்க வைத்து, ஆவியைக் குளிர வைத்துப் பிடிப்பது. அதில் உப்பு கிடையாது, சுண்ணாம்பு கிடையாது, ருசியும் கிடையாது. எனக்கு ஐப்பசியிலிருந்து சோறும் அப்படித்தான் இருக்கிறது.

சாயங்காலம் அய்யா தராசைக் காட்டினார். அது கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. பெட்டிக் கதவு திறந்திருந்தால் நம் மூச்சுக்கே முள் ஆடும். எடைக்கல்லைக் கையால் தொடக்கூடாது, இடுக்கியால்தான் எடுக்க வேண்டும், விரல் வேர்வைக்கும் எடை உண்டாம். ஒரு துண்டுக் காகிதத்தை நிறுத்தார். அதில் என் பெயரைப் பென்சிலால் எழுதச் சொல்லி மறுபடி நிறுத்தார். முள் நகர்ந்திருந்தது.

"பாத்தியா ஆத்தாயி, உன் பேருக்கு இவ்வளவு எடை."

நாலெழுத்துக்கு. செத்துப்போன என் வீட்டுக்காரர் பெயரையும் எழுதிப் பார்க்கலாமா என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை.

பிப்ரவரி 13, வியாழன்

என் வீட்டுக்காரர் போய் நூறு நாள் தாண்டிவிட்டது. அவருடைய வெற்றிலைப் பெட்டியை நான் இன்னும் திறக்கவில்லை. அவர் மடித்துக் கொடுத்தால்தான் எனக்கு வெற்றிலை. பதினாலு வருசத்தில் என் கையால் ஒரு தரம்கூட மடித்ததில்லை. குழியில் சோதனைப் பொட்டலத்துக்குக் கல் இடிக்கிற நாளில் மட்டும் பெட்டியை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவார். ஏன் என்று அவர் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. கேட்க எத்தனையோ இருந்தது. நாள் கிடக்கிறதே என்று விட்டேன்.

பிப்ரவரி 18, செவ்வாய்

மூன்றாம் குழிக் கல்லில் இன்று சுண்ணாம்பு மூன்று.

அது என்ன என்று எனக்கே எழுதி வைத்துக்கொள்கிறேன். இந்தக் கரட்டில் வெட்டுவது வெள்ளைக்கல். இரும்பு உருக்கும் உலைக்குள் அடுக்குகிற செங்கல்லுக்காகக் கப்பலில் போகிறது. கல்லில் சுண்ணாம்பு கூடினால் அந்தச் செங்கல் சூட்டில் நிற்காது. அதனால் ஒவ்வொரு குழியிலும் மேஸ்திரி கல்லை இடித்துப் பொடியாக்கி, ஒரு தோலா அளவு பொட்டலம் கட்டிச் சோதனை ரூமுக்கு அனுப்புவார். அய்யா அதைத் திராவகத்தில் கரைத்து, வடிகட்டி, வேறு மருந்து விட்டு, சுண்ணாம்பை மட்டும் வெள்ளையாய் அடியில் படிய வைப்பார். அதைச் சுட்டு நிறுத்தால் தெரியும், நூறு பங்குக் கல்லில் எத்தனை பங்கு சுண்ணாம்பு என்று. இரண்டுக்கு மேல் போனால் கல் தள்ளுபடி.

மூன்றாம் குழிக்கு எப்போதும் ஒன்று, மிஞ்சினால் ஒன்றேகால். கரட்டிலேயே அதுதான் நல்ல கல்.

என் வீட்டுக்காரர் சென்னிமலை மேஸ்திரியாக இருந்த குழி. ஐப்பசி மழையில் மேல்கரை சரிந்து அவர் போனதும் அங்கேதான். அதற்கப்புறம் மூடிக் கிடந்தது. தை கடைசியில்தான் திறந்தார்கள். இப்போது அவர் தம்பி குழந்தைவேல் மேஸ்திரி.

"ஆத்தாயி, மூணாம் நம்பர் பாத்திரத்தை எந்தத் தண்ணியில அலசினே?"

"ஆவித் தண்ணியிலதானுங்க."

"மூணு தரமா?"

"மூணு தரமுங்க."

அய்யா பாத்திரத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். எனக்கு அது பிடிக்கவில்லை.

பிப்ரவரி 21, வெள்ளி

ஒரே குவியலிலிருந்து இரண்டு பொட்டலம் வந்தது. ஒன்றில் 3.8. ஒன்றில் 2.3. ஒரே கல் எப்படி இரண்டு பேச்சுப் பேசும்?

ஒவ்வொரு குழிக்கும் பாத்திரம் தனி. அடியில் நம்பர் கீறியிருக்கும். மற்றக் குழிகளுடைய விடையெல்லாம் ஒழுங்காக இருக்கிறது, மூன்றாம் நம்பர்தான் தாறுமாறு. அய்யா என்னைக் கூப்பிட்டு மெதுவாகத்தான் சொன்னார். மெதுவாகச் சொன்னால் வலிக்காது என்று யார் சொன்னது?

"உன்னைக் குத்தம் சொல்லலை. மூணாம் நம்பரைக் கையில எடுத்தாலே உன் நினைப்பு எங்கேயோ போயிடுது. கிணத்துத் தண்ணியோட நிறுத்திடறே போல. கிணத்துத் தண்ணி பூரா சுண்ணாம்பு."

என் துக்கத்துமேல பழி. எங்கிட்ட மிச்சம் இருக்கறதே அது ஒண்ணுதான், அதையும் வந்து குத்தம் சொல்றாங்க. அழுதா கை நின்னுருமா? அவரைக் குளிப்பாட்டின அன்னிக்குக்கூட இந்தக் கை ஒரு செம்புத் தண்ணி கீழே சிந்தலை.

29-ந் தேதி கம்பெனித் துரைக்கு முடிவு சொல்ல வேண்டுமாம். கோளாறு பாத்திரத்தில் என்றால் என்னை நிறுத்துவார்கள். கல்லில் என்றால் குழியை மூடுவார்கள்.

பிப்ரவரி 23, ஞாயிறு

குழந்தைவேல் வந்தான். கட்டிலைக் காட்டினேன், உட்காரவில்லை. வாசலில் குந்தி வெற்றிலையைத் தொடையில் துடைத்துக்கொண்டே பேசினான்.

"நங்கை, ஒண்ணு சொன்னாக் கோவிச்சுக்கக் கூடாதுங்க."

"சொல்லு சாமி. சொன்னப்புறம் பாத்துக்கலாம்."

"நாந்தான் சரியாக் கழுவலீங்கன்னு துரைகிட்ட ஒரு வார்த்தை சொல்லிப்போடுங்க. உங்க ஒருத்தர் வேலையோட போவுது. குழி மூடினா இருவத்திரண்டு ஊட்டுல அடுப்பு எரியாது. உங்களுக்கு நாங்க கஞ்சி ஊத்தாமயா போயிருவோம்?"

"கழுவாமெ உட்டிருந்தாச் சொல்லியிருப்பேன். கழுவினேன். சொல்ல மாட்டேன்."

"ஒரே ஒரு பொய்யிதானுங்களே."

"அதுல எம் பேரு இருக்குது. பேருக்கு எடை இருக்குது."

என்னை ஒரு மாதிரி பார்த்தான். அண்ணி புத்தி கலங்கிவிட்டாள் என்று நினைத்திருப்பான்.

"அண்ணன் இருந்தா ஊருக்காவத்தான் பேசியிருக்கும்" என்றான் போகும்போது.

அது என்னைக் கடித்துக்கொண்டே இருக்கிறது. இருபத்திரண்டு வீடு. எல்லாம் தெரிந்த முகம். அவருக்குப் பந்தல் போட்டது அவர்கள்தான். ஆனால் பொய் சொன்னால் கோளாறு தீர்ந்துவிடுமா? அடுத்த பொட்டலத்திலும் மூன்று வந்தால் அப்போது எவளைப் பிடிப்பார்கள்?

சொல்ல மாட்டேன். இங்கே எழுதிவைக்கிறேன், நாளைக்கு மனசு மாறினால் பார்ப்பதற்கு. சொல்ல மாட்டேன்.

பிப்ரவரி 24, திங்கள்

புதுத் திராவகப் புட்டி வந்தால் அய்யா ஒரு வேலை செய்வார். கல்லே போடாமல், கல் இருப்பது மாதிரியே எல்லாம் செய்வார். கரைப்பு, வடிகட்டு, சுடுவது, நிறுப்பது, ஒன்றும் விடாமல். கடைசியில் ஏதாவது மிஞ்சினால் அது கல்லிலிருந்து வந்ததல்ல, மருந்திலிருந்து வந்தது. வெறும் சோதனை என்பார்.

காலையில் போய் நின்றேன்.

"அய்யா, மூணாம் நம்பர் பாத்திரத்துல கல்லே போடாமெ ஒருக்காப் பண்ணிப் பாருங்க."

"என்னது?"

"எங் கையி அழுக்கா இல்லையான்னு எம் மொகத்தைப் பாத்து எதுக்குங்க தெரிஞ்சுக்கணும்? தராசுதான் இருக்குதுங்களே."

அய்யா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கேக்க வேண்டியது நானு" என்றார்.

அவர் முன்னாலேயே கழுவவா என்று கேட்டேன். வேண்டாம், எப்போதும்போல நீ தனியாகவே கழுவு, அதைத்தான் பார்க்க வேண்டும் என்றார். கழுவினேன். மூன்று தரம். அழுதுகொண்டுதான் கழுவினேன், வேண்டுமென்றே.

பிப்ரவரி 25

காத்திருப்பு.

பிப்ரவரி 26, புதன்

பிளாட்டினக் கிண்ணியைச் சிவக்கச் சுட்டு, ஆற வைத்து, தராசில் ஏற்றினார். வெறும் கிண்ணியின் எடை முன்னமே குறித்திருந்தது. நான் கதவோரம் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன். முள் இப்படியும் அப்படியும் போய் நடுவில் நின்றது.

"ஒண்ணுமில்லை" என்றார் அய்யா.

புள்ளிக்குப் பின்னால் மூன்று பூஜ்யம் போட்டு, அதற்கப்புறம் ஒரு இரண்டு. அது கணக்கில் சேராதாம். ஒண்ணுமில்லை என்ற சொல்லுக்கு நான் சந்தோசப்பட்டது என் வாழ்க்கையில் இன்றுதான்.

அதுவும் கூட்டி முடிக்கிற நேரம் வரைக்கும்தான்.

"உன் கை சுத்தம் ஆத்தாயி. நான் நினைச்சது தப்பு. அப்போ கல்லுதான். கரை சரிஞ்சப்போ நல்ல கல்லெல்லாம் புதைஞ்சு போச்சோ என்னவோ. சனிக்கிழமை துரைகிட்ட அப்படித்தான் எழுதணும்."

நான் ஜெயித்தேன். என் வீட்டுக்காரர் தோற்றார். இதற்கா போய் நின்றேன்?

போன ஆடியில் ஒரு கல் கொண்டுவந்து மாடத்தில் வைத்தார். "பாரு, தும்பைப் பூவாட்டம்" என்றார். இன்னும் அங்கேயே இருக்கிறது. அந்தக் கல்லுக்காகத்தான் மண்ணுக்கடியில் போனார். அதுவும் மட்டக் கல் என்றால், மனுசன் எதற்குச் செத்தார்?

இல்லை. அவர் பார்த்த கல் தப்பாது.

பிப்ரவரி 27, வியாழன்

விசயம் கரடு முழுக்கத் தெரிந்துவிட்டது. கல் உடைக்கிற பெண்கள் நான் போனதும் பேச்சை நிறுத்தினார்கள். சின்னாயிக்கு மட்டும் நிறுத்திப் பழக்கமில்லை.

"வாடியம்மா சுத்தக்கைக்காரி. உங் கையைக் கழுவிக்கிட்ட, எங்க சட்டியையும் கழுவிக் கவுத்துப்போட்ட."

நான் நடந்துகொண்டே இருந்தேன்.

சாயங்காலம் குழந்தைவேல் வந்தான். இந்தத் தரம் குந்தக்கூட இல்லை. "உங்க வைராக்கியத்துக்கு நாங்க பட்டினி கெடக்கோணுமுங்களா?" என்றான். வெற்றிலையைச் சுருட்டி வாயில் திணித்துக்கொண்டு, விரலில் மிஞ்சிய சுண்ணாம்பை என் நிலைக்காலில் தேய்த்துவிட்டுப் போனான். இந்த ஊர் ஆம்பிளைகள் எல்லோருக்கும் உள்ள பழக்கம்தான். எந்தத் தூணைப் பார்த்தாலும் வெள்ளைக் கோடாக இருக்கும்.

துடைக்கக்கூடக் கை எழவில்லை.

பிப்ரவரி 28, வெள்ளி

வரிசையாக எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை நிலைக்கு மஞ்சள் பூசுவதை நான் விடவில்லை. மார்கழியில் பக்கத்து வீட்டு முத்தாயம்மாள் கேட்டாள், இனி உனக்கு எதுக்கு மஞ்சள் என்று. "எனக்குப் பூசலை, நெலைக்குப் பூசறேன். நெலை ஒண்ணும் தாலியறுக்கலை" என்றேன்.

இன்று காலையில் மஞ்சளைக் கரைத்துத் தடவிக்கொண்டே போனேன். ஒரு இடம் சிவந்தது. ஆரத்தித் தண்ணீரின் சிவப்பு. பார்த்தால் நேற்றுக் கொழுந்தன் சுண்ணாம்பு தேய்த்த இடம். மஞ்சளில் சுண்ணாம்பு பட்டால் சிவக்கும். ஆரத்தி கரைத்த எந்தப் பொம்பளைக்கும் இது தெரியும்.

கை அங்கேயே நின்றுவிட்டது.

என் நிலை கறுத்த மரம். அதில் வெள்ளைச் சுண்ணாம்பு கண்ணுக்குத் தெரிகிறது. குழிக் கொட்டகையில் கல் இடிக்கிற உரல் வருசக் கணக்காய் வெள்ளைப் பொடி படிந்த உரல். அதன் விளிம்பில் ஒருத்தன் சுண்ணாம்பைத் தேய்த்தால் யார் கண்ணுக்குத் தெரியும்? காய்ந்து, இடிக்கிறபோது உதிர்ந்து உள்ளே விழுந்தால்? ஒரு பொட்டலத்தில் நிறைய விழும், ஒன்றில் குறைய விழும். ஒரே குவியல், இரண்டு பேச்சு.

பொட்டலம் இடிக்கிற நாளில் அவர் ஏன் பெட்டியை வீட்டில் வைத்துவிட்டுப் போனார் என்று இப்போது தெரிகிறது. பாவி மனுசா, தம்பிகிட்ட ஒரு வார்த்தை சொல்லி வெச்சிருக்கப்படாதா?

மாடத்துக் கல்லில் ஒரு மூலையை உடைத்தேன். கை கூசியது. இடித்து மஞ்சள் தண்ணீர் விட்டேன். மஞ்சளாகவே இருந்தது. எவ்வளவு நேரம் பார்த்தும் மஞ்சள்தான்.

பிப்ரவரி 29, சனி

முந்தானையில் மஞ்சள்தூளும் அந்தக் கல்லும் முடிந்துகொண்டு போனேன். அய்யா துரைக்கு எழுத மேசையில் காகிதம் எடுத்து வைத்திருந்தார்.

"எழுதறதுக்கு முந்தி மூணாம் குழிவரைக்கும் வாங்க அய்யா."

"எதுக்கு?"

"சொன்னா நம்ப மாட்டீங்க. வந்தீங்கன்னா பாப்பீங்க."

வந்தார். அவர் வருவதைப் பார்த்துக் குழியே வேலையை நிறுத்திவிட்டது. குழந்தைவேல் கொட்டகையில் உரலுக்குப் பக்கத்தில் நின்றான். கன்னம் உப்ப வெற்றிலை. நான் முந்தானையை அவிழ்த்ததும் சின்னாயி, "பாருங்கடி, உரலுக்கு மஞ்சத்தண்ணி ஊத்திச் சீர் செய்ய வந்துட்டா" என்றாள். நாலைந்து பேர் சிரித்தார்கள்.

"ஆமா, பெரிய மனுசியாயிருச்சு" என்றேன். அதற்கும் சிரித்தார்கள்.

முதலில் மாடத்துக் கல்லின் பொடியை ஒரு ஓட்டில் வைத்து மஞ்சள் தண்ணீர் விட்டேன். மஞ்சள். பிறகு உரல் விளிம்பில் கையால் சுற்றித் தடவினேன். முதலில் ஒன்றும் இல்லை. இன்னும் கொஞ்சம் தண்ணீர் தொட்டுத் தடவினேன். அப்புறம் வலது பக்கம், உலக்கை பிடிப்பவன் நிற்கிற பக்கம், ஒரு விரல் நீளத்துக்குச் சிவந்தது. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. அப்புறம் கீழே உரலின் வாய்க்குள்ளே.

சிரிப்பு நின்றது. நான் யாரையும் பார்க்கவில்லை. எல்லோரும் குழந்தைவேலின் கட்டைவிரலைத்தான் பார்த்தார்கள். இன்றைய சுண்ணாம்பு அதில் காயாமல் இருந்தது.

"எனக்குத் தெரியாதுங்க நங்கை" என்றான். வாயில் வெற்றிலையோடு சொன்னதால் பாதிதான் கேட்டது.

"தெரியாதுன்னு எனக்குத் தெரியும். போயிக் கையைக் கழுவு சாமி."

அய்யா உரலுக்கு முன்னால் குனிந்து வெகுநேரம் பார்த்தார். "மஞ்சத்தூள்ல நனைச்ச காகிதம் என் அலமாரியிலேயே ஒரு பெட்டி இருக்கு ஆத்தாயி. இதுக்குன்னே வாங்கி வெச்சது. நாலு வருசமா மூடியைத் தொறக்கலை" என்றார். துரையிடம் ஒரு வாரம் தவணை கேட்டிருக்கிறார்.

மார்ச் 2, திங்கள்

மூன்றாம் குழி உரலைத் திராவகம் விட்டுத் தேய்த்து, ஆவித் தண்ணீரில் நானே கழுவினேன். கல்லையும் நானே இடித்தேன். பொடியைக் குவித்து, தட்டையாக்கி, நாலு கூறாகப் பிரித்து, எதிரெதிர்க் கூறு இரண்டைத் தள்ளி, மிச்சத்தை மறுபடி குவித்து, மறுபடி நாலாக்கி, ஒரு தோலா ஆகும்வரை. அப்படிச் செய்தால்தான் குவியல் முழுவதும் அந்தப் பொட்டலத்துக்குள் வரும். இரண்டு பொட்டலம் கட்டினேன். கை உரிந்துவிட்டது.

அவர் நின்ற இடத்தில் நின்றுதான் இடித்தேன். மேல்கரையை நிமிர்ந்து பார்த்தேன். மண்தானே. அதற்கென்ன தெரியும்?

மார்ச் 5, வியாழன்

1.2.

இரண்டாவது பொட்டலம், 1.2.

மார்ச் 9, திங்கள்

குழியை மூட வேண்டாமென்று துரை கையெழுத்துப் போட்டுவிட்டார். குழந்தைவேலை என்ன செய்வது என்று அய்யா என்னைக் கேட்டார். என்னைக் கேட்கிறார்.

"மேஸ்திரியாவே இருக்கட்டுமுங்க. கல்லைப் பாக்கறதுல அவனும் அவங்க அண்ணனாட்டந்தான். பொட்டலம் மட்டும் அவன் கட்ட வேண்டாம்."

இனி ஆறு குழிக்கும் பொட்டலம் இடித்துக் கட்டுவது நான். பாத்திரம் கழுவ வேறு ஆள் வேண்டும் என்றார். சின்னாயி வரட்டும் என்றேன். வாய் ஓயாது, ஆனால் கை சுத்தம்.

மார்ச் 15, ஞாயிறு

குழந்தைவேல் வந்தான். மன்னிப்பு என்றெல்லாம் சொல்லவில்லை. குழியில் புதிதாய் ஒரு நரம்பு ஓடுகிறது, நல்ல கல் என்று ஏதேதோ பேசிக்கொண்டே வெற்றிலை போட்டான். போட்டுவிட்டு, சுண்ணாம்பு விரலைத் தூக்கிப் பிடித்தபடியே நின்றான். நிலையைப் பார்க்கிறான், என்னைப் பார்க்கிறான், தன் வேட்டியைப் பார்க்கிறான். ஒரு கொட்டாங்குச்சியை எடுத்து நீட்டினேன். அதில் துடைத்தான். இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஐப்பசிக்கப்புறம் நான் சிரித்தது எனக்கே வேறு யாரோ சிரிப்பது மாதிரி கேட்டது.

மார்ச் 18, புதன்

குழிகளுக்குப் பெயர் கிடையாது, நம்பர்தான். இன்று பொட்டலத்தின்மேல் "மூன்றாம் குழி" என்று எழுதவில்லை. "சென்னிமலை குழி" என்று பென்சிலால் எழுதி அனுப்பினேன். என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும் என்று இருந்தேன். அய்யா பார்த்தார். அடித்துத் திருத்தவில்லை. பெரிய புத்தகத்திலும் அப்படியே ஏற்றினார். சென்னிமலை குழி, சுண்ணாம்பு 1.1.

ஏப்ரல் 5, ஞாயிறு

இன்று லீவு. செவ்வாய்ப்பேட்டைக்கு நடந்துபோய்க் கொழுந்து வெற்றிலை ஒரு கவுளி வாங்கி வந்தேன். பெட்டியைத் திறந்தேன். உள்ளே அவர் சுண்ணாம்பு கல்லாய்க் காய்ந்திருந்தது. சுரண்டிப் போட்டுவிட்டுப் புதிது குழைத்தேன். நானே மடித்தேன். சரியாக வரவில்லை, சுண்ணாம்பு கூடிவிட்டது, நாக்கு வெந்தது. துப்பாமல் மென்றேன்.

பிறகு கையை மூன்று தரம் கழுவினேன். நாளைக்கு அவர் குழியில் கல் இடிக்க வேண்டும்.